ஆமாம், வாலைத்தான் பார்த்தோம்

கானாடுகாத்தான் கல்யாண வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நிறைந்த பந்தியில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கடல் கடந்து போய் ஒரு வாலைப் பார்த்துவிட்டு, வாந்தி எடுத்துவிட்டு வந்தார்களாம்" என்றார் உறவுக்கார அண்ணன் ஒருவர். நானும் என் வீட்டுக்காரரும் இலங்கைக்குப் போய்த் திமிங்கிலம் பார்த்துவிட்டு வந்ததைத்தான் சொன்னார். பந்தியே சிரித்தது. பரிமாறிய பையன்கூடச் சிரித்தான். நானும்தான் சிரித்துவைத்தேன்.

சிரித்தது தப்பு. ஆமாம், வாலைத்தான் பார்த்தோம். அதில் என்ன குறைந்துவிட்டது?

இலங்கையின் தென்கரையில், மிரிஸ்ஸவில் காலை ஆறரைக்குப் படகு ஏறினோம். தேவேந்திர முனைப் பக்கம் கடலின் அடித்தரை சட்டென்று சரிந்துவிடுகிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆழ்கடல். அதனால்தான் நீலத் திமிங்கிலம் அவ்வளவு கிட்டத்தில் வருகிறது. முதல் ஒரு மணி நேரம் நான் பிளாஸ்டிக் பையும் கையுமாகக் கிடந்தேன், ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் முதுகைத் தடவிவிட்டு, உப்பு நார்த்தங்காயைக் கிள்ளி வாயில் வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எனக்கு ஊறுகாய் எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அது மூச்சுவிட்டது. படங்களில் வரைவதுபோல நீரூற்று அல்ல, மூச்சுதான்; எங்கள் வீட்டு மாடி உயரத்துக்கு எழுந்து கலைந்தது. முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. கடைசியில் வால் நிமிர்ந்து, தண்ணீர் வழிய, சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. முழுசாகப் பார்த்துப் பல்லைப் பிடித்துப் பார்க்க அது என்ன சந்தை மாடா?

"அந்தப் பணத்துக்கு இரண்டு பவுன் வாங்கியிருக்கலாம்." வாங்கியிருக்கலாம். உங்கள் வீட்டுப் பத்திரிகைக்கு மட்டும் ஆன செலவு எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். "இந்த வயதில் ஜோடியாக ஊர் சுற்றலா?" அந்த வயதில் எங்களை யார் விட்டார்கள்? "கோயில் குளம் என்றாலும் பரவாயில்லை." ஐயா, அந்தத் தேவேந்திர முனையில்தான் தொண்டேசுவரம் சிவன் கோயில் இருந்தது, 1588-இல் போர்த்துகீசியர் இடித்தார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் நம் நகரத்தார் கட்டிய கதிரேசன் கோயிலிலும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். அதைப் பற்றி எந்தப் பந்தியிலும் பேச்சில்லை.

படகுகள் சூழ்ந்துகொண்டு துரத்துவது பாவம் என்று என் அண்ணன் மகள் சொன்னாள். நூறு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. எங்கள் படகும் சேர்த்து ஐந்து படகுகள், ஒன்றும் அவ்வளவு தள்ளி நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவள் அதை மாடிப்படியில் தனியாக நிறுத்திச் சொன்னாள், இலைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், கொழும்புக் கடைக்கு மூன்று வருடக் கணக்கில் போய்வந்தார். 1964 புயலுக்கு முந்திய காலம், தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார். அப்பத்தா அத்தனை வருடமும் இரண்டாங்கட்டில் வற்றல் காயவைத்தார். தேவகோட்டையைத் தாண்டினால் தொண்டி, தொண்டியில் கடல். யாரும் அழைத்துப்போகவில்லை. "நம் ஊரணியைவிடப் பெரிதாயிருக்குமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். எனக்கு அப்போது பத்து வயது. நானும் பார்த்ததில்லை. பார்க்காமலேயே போய்விட்டார். அவரைப் பற்றி எந்தப் பந்தியும் சிரித்ததில்லை, ஏனென்றால் அவர் எங்கும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் மேல்தான் எனக்கு இன்னும் வருத்தம். அண்ணன் பேசியபோது குனிந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் நானும் பேசவில்லை. குன்றக்குடி தாண்டியதும் அவராகவே கேட்டார்: "அந்த வாலின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு இருந்ததே, கவனித்தாயா?"

கவனித்தேன் என்றேன். கவனிக்கவில்லை. கண்ணாடி முழுக்க அப்போது உப்புத் தண்ணீர்.