சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை

“டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லை என்றால் ஆயில் குறையவில்லை என்று பொருள், எனவே எஞ்சின் ஜாமானதற்கு ஆயில் மாற்றிய மெக்கானிக்கைக் குறைசொல்ல முடியாது” என்று நீங்கள் எழுதியிருப்பது பிழையானது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறதே தவிர அளவைக் காட்டுவதில்லை. 4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் பாதிக்கு மேல் கசிந்துபோன பின்பும், ஆயிலைச் சுற்றவிடும் பம்பின் உறிஞ்சுகுழாய் ஆயிலில் மூழ்கியிருக்கும் வரை விளக்கு அணைந்தே இருக்கலாம். வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ ஆயில் ஒருபுறம் ஒதுங்க, குழாய் காற்றை இழுக்க, எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளில் இருக்கும் மயிரிழையினும் மெல்லிய ஆயில் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கிவிடும். விளக்கு நிலையாக எரியும் நேரத்தில் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கக்கூடும்.

பொறுப்பு யாருடையது என்பதற்குத் தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை முடுக்கிவிடுவது மெக்கானிக்குகள் நன்கறிந்த தவறு; அதனால் ஆயில் கசியும். கழற்றிப் பார்த்தால் இரண்டு வளையங்கள் தெரியும். ஆகவே பழுதுச் செலவைப் பற்றிப் பேசுமுன், உடனே எஞ்சினைப் பிரிக்க விடாமல், முதலில் மீந்திருக்கும் ஆயிலை அளந்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கையும் ஃபில்டரையும் படமெடுத்து, பின்னர் கழற்றும் பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டியிருந்தால், அதனால் கூடிய சேதத்துக்கு உரிமையாளரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.