பொன்னாடையைத் திருப்பி வாங்கியவர்களுக்கு

மும்பை தாராவியில் காமராஜர் பிறந்த நாளை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வகுப்பு எடுக்கும் எங்கள் டீச்சர் தோளில் போர்த்திய பொன்னாடையை, படம் எடுத்து முடித்த கையோடு ஒரு தம்பி பின்னாலிருந்து உருவி, மடித்து, அடுத்தவருக்காக நீட்டுகிறார். டீச்சர் சிரித்துக்கொண்டே தோளைச் சாய்த்துக் கொடுக்கிறார். கீழே "எங்கள் தாராவியின் பெருமை" என்று வரிசையாக இதயக்குறி.

பொன்னாடை பற்றாக்குறையாம். 30 வாங்கினோம், பட்டியல் 46 ஆகிவிட்டது என்று குழுவில் விளக்கம் வேறு. ஏன் 46 ஆனது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. விழா மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர், மைக்செட் கொடுத்தவர், சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்தவர் எல்லோருமே மேடையேறும்போது "சிறந்த சமூக சேவகர்" ஆகிவிட்டார்கள். கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். நன்றியும் விருதும் ஒன்றா, அண்ணாச்சி?

என் கோபம் துணியைப் பற்றியது இல்லை. மேடையில் நின்ற ஒருவருக்கும் டீச்சர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. "ஏழை எளிய மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றியவர்" என்று வாசித்தார்கள். அதே வரியை அவருக்கு முன்னால் 5 பேருக்கும், பின்னால் இரண்டு பேருக்கும் வாசித்தார்கள். ஒருவரைப் பாராட்டப் போகிறோம் என்றால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 8-ஆம் வகுப்பிலோ 9-இலோ பள்ளியை விட்டு, தையல் கடைக்கோ தோல் பட்டறைக்கோ போய்விட்ட பிள்ளைகளை 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பதுதான் அவர் வேலை. அதற்கு 17 நம்பர் ஃபார்ம், அதாவது பள்ளிக்குப் போகாமல் தனியாகத் தேர்வு எழுதுவதற்கான விண்ணப்பம். 14 வயது முடிந்திருக்க வேண்டும், 5-ஆம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும். ஆன்லைனில் நிரப்பிப் பணம் கட்டினால் முடிந்தது என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். நிரப்பியதை அச்செடுத்து, ஒரிஜினல் எல்.சி.யோடு (பள்ளியை விட்டதற்கான சான்றிதழ்), ஃபார்மில் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு உண்டான வேலையையும் அதே பள்ளியில்தான் முடிக்க வேண்டும். ஹால் டிக்கெட்டும் அங்கேதான். போகாதவனுக்கு, பிப்ரவரியில் தேர்வு நெருங்கும்போதுதான் தன் பெயர் எங்கேயும் இல்லை என்று தெரியவரும்.

எல்.சி. இருக்கிறதா என்பது அடுத்த தலைவலி. மழையில் நனைந்திருக்கும், ஊருக்குப் போனபோது அப்பா பெட்டியில் போயிருக்கும். தொலைந்திருந்தால் பழைய பள்ளியில் இரண்டாம் பிரதி வாங்கி, அஃபிடவிட் வைக்க வேண்டும். அதுவும் கிடைத்தால் பெயர் இடிக்கும். ஆதாரில் "முருகன் எஸ்" என்றிருக்கும். எல்.சி.யில் இங்கே வழக்கப்படி பெயர், அப்பா பெயர், சர்நேம் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்துக்கு நம் ஆட்களிடம் ஒன்றும் இல்லாததால், அன்றைக்குச் சேர்க்கை எழுதிய கிளார்க் தாத்தா பெயரையோ, ஊர்ப் பெயரையோ, சாதிப் பெயரையோ போட்டிருப்பார். பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே ஜெனரல் ரிஜிஸ்டரில் (பள்ளியின் மாணவர் பதிவேட்டில்) திருத்திவிட்டால் பிழைத்தோம். எல்.சி. வாங்கி வெளியே வந்த பிறகு திருத்துவது லேசில் நடக்காது. அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுத்துவிட்டு அந்தக் காகிதத்தை வாழ்நாள் முழுக்கக் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். டீச்சர் ஒவ்வொரு ஜூன் மாதமும் 8, 9 படிக்கும் பிள்ளைகளின் ஆதாரையும் பள்ளிப் பதிவையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது இதற்காகத்தான். இதில் ஒளியும் இல்லை, ஏற்றலும் இல்லை. கண் வலிதான்.

அப்புறம் பாடம். கணக்கில் அல்ஜீப்ராவுக்கு 40, ஜியாமெட்ரிக்கு 40, இன்டர்னல் 20. தேற 35 போதும். எட்டாவதில் நின்றவனுக்கு நேராக இருபடிச் சமன்பாட்டை ஆரம்பித்தால் மூன்றாம் நாளே ஓடிவிடுவான். பின்னம், கழித்தல் குறி, காரணிப்படுத்தல் என்று கீழேயிருந்து ஏற வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவனுக்கு மராத்தி தனி மலை.

நேரம் குறிப்பதே ஒரு வித்தை. இட்லி வியாபாரக் குடும்பத்துப் பையன் விடியும் முன்பே எழுந்து, அண்டாவோடு போய்விட்டு, மதியம் தூங்கி எழுவான். அவனை ராத்திரி 8 மணிக்கு உட்கார வைத்தால் நோட்டிலேயே சாய்ந்துவிடுவான். அவனுக்குப் பிற்பகல். தையல் கடைப் பையனுக்கு முதலாளி விடுவதே ராத்திரிதான். பண்டிகை ஆர்டர் வந்துவிட்டால் அதுவும் இல்லை, தீபாவளிக்கு முந்தைய மாதம் வகுப்பில் பாதி காலி. டீச்சர் முதலாளியிடம் போய் நின்று வாரத்தில் மூன்று நாளாவது 7 மணிக்கு விடச் சொல்லிக் கேட்பார். அந்த முதலாளிகளில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் "கல்விக் காவலர்" விருது வாங்கினார். பையனை விட்டாரா என்று கேட்காதீர்கள்.

90 அடி ரோட்டு அண்ணனைப் பட்டியலிலேயே காணோம். சாதிச் சான்றிதழ் என்றால் எல்லோரும் ஓடுவது அவரிடம்தான். மகாராஷ்டிரத்தில் எஸ்.சி. சலுகை வேண்டுமென்றால் 10.8.1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஓ.பி.சி. என்றால் 13.10.1967. அதற்குப் பிறகு வந்த குடும்பத்துக்கு ஊர்ச் சான்றிதழை வைத்து இங்கே ஒரு காகிதம் தருவார்கள், ஆனால் இந்த மாநிலத்து இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. தாத்தா 1948-இல் தோல் கிடங்கில் வேலை பார்த்தார் என்று வாயால் சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். பழைய சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, அந்தக் காலத்து முனிசிபல் பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல் என்று ஏதாவது வேண்டும். எந்தப் பள்ளியில் பழைய ரிஜிஸ்டர் இன்னும் கரையானுக்குத் தப்பி இருக்கிறது, யாரைப் பார்த்தால் நகல் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த அண்ணனுக்கு மனப்பாடம். ரிசல்ட் வந்த மறுநாள் வீடு வீடாகப் போய், "இரண்டு பாடம் வரைக்கும் போனாலும் ஏ.டி.கே.டி.யில் (விட்ட பாடத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் சலுகையில்) பதினொன்று சேரலாம், பையனை வேலைக்கு அனுப்பிடாதீங்க" என்று சொல்வதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவரும் விழாவுக்கு வந்திருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, இதைச் சொன்னதும் என்னைத் திட்ட வந்தவர்களுக்கு.

"குறை சொல்வது சுலபம், நடத்திப் பார்த்தால் தெரியும்." உண்மைதான். மண்டபம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, மழை நாளில் கூட்டம் சேர்ப்பது எல்லாம் கஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழைப்பிதழில் 5 மணி. குத்துவிளக்கு 6.40-க்கு. அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் பேச்சு. ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். 46 பேரையும் கடைசி 40 நிமிடத்தில் தள்ளினால் தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது, பொன்னாடையை உருவத்தான் வேண்டியிருக்கும். இதில் அந்தத் தம்பி மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. அவன் சொன்னதைச் செய்தான்.

"டீச்சரே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன?" டீச்சர் சொல்ல மாட்டார். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையிலிருந்து எழுப்பிப் பின்னால் அனுப்பப்பட்டதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் வலிக்கவில்லை என்று எந்தக் கணக்கில் வருகிறது?

"பாராட்டை எதிர்பார்த்துச் செய்வது சேவையே இல்லை." இதை எழுதியவர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விருது வாங்கினார். இதற்கு மேல் பதில் இல்லை.

"வெளியாள் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?" வெளியாள் எப்படிச் செய்கிறான் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஜனவரி 3 சாவித்திரிபாய் பூலே பிறந்த நாள். பக்கத்து மராத்திப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். 1848-இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார், வழியில் சேறும் சாணியும் எறிந்தபோது என்ன செய்தார் என்று நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். தாங்கள் கொண்டாடும் ஆள் என்ன வேலை செய்தார் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15-ஐ ஒட்டி விழா எடுக்கிறோம். மூடிய பள்ளிகளைத் திறந்தவர் பெயரில். இங்கே முனிசிபல் தமிழ் மீடியம் பெரும்பாலும் ஏழிலோ எட்டிலோ நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்று அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒருவர் பேசியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

"அரசு விருதுக்கு அனுப்பலாமே" என்று ஒரு நல்லவர் கேட்டிருக்கிறார். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியர்களே விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் அது பள்ளியில் பணியில் இருப்பவர்களுக்கு. டியூஷன் எடுப்பவர்களுக்கு இல்லை. மாடி அறையில் சாயங்கால வகுப்பு எடுப்பவருக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். அவர் செய்ததை 800 சொல்லுக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். விழா மலரில் தலைவருக்கு 4 பக்கம் வாழ்த்துப்பா எழுதிய கவிஞருக்கு 800 சொல் பெரிய காரியமா? ஆனால் எழுத, டீச்சர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். மறுபடி அங்கேயேதான் வந்து நிற்கிறேன். அரசாங்கக் கணக்கில் வராத இந்த மனிதர்களுக்கு நாம் கொடுப்பது மட்டும்தான் மரியாதை. அதையும் உருவிக்கொண்டோம்.

அடுத்த வருடம் செய்கிறீர்களா, 5 பேரைக் கூப்பிடுங்கள். போதும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, வேலை நாளில், சாயங்காலம் 7 மணிக்கு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பயோடேட்டா கேட்காதீர்கள், பழைய மாணவர்கள் மூன்று பேரிடம் கேளுங்கள். கேடயத்தில் அடிக்கும் முன் பெயரின் எழுத்தை அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள் (டீச்சர் பெயரில் இரண்டு பிழை, இனிஷியல் வேறு யாருடையதோ). குத்துவிளக்கு முடிந்த உடனே விருது, பேச்சு அப்புறம். தலைவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். பணமாகக் கொடுப்பதென்றால் டிரஸ்ட் பெயரில் செக் எழுதி மேடையில் நீட்டாதீர்கள், சாயங்கால வகுப்புக்கு ஏது டிரஸ்ட்? அந்தப் பெரிய செக் அட்டை படத்துக்கு மட்டும்தான் உதவும். ஒரு வருட அறை வாடகையை வீட்டுக்காரரிடம் நேராகக் கட்டிவிடுங்கள், ரசீதை டீச்சரிடம் கொடுங்கள்.

அறை என்றதும்தான் வயிறு எரிகிறது. தாராவியை இடித்துக் கட்டடம் கட்டும் மறுசீரமைப்பு என்று கணக்கெடுக்க வந்தார்களே, கீழ்த்தளத்துக்காரர் 1.1.2000-க்கு முன்பிருந்தே இருப்பதற்குக் காகிதம் வைத்திருந்தால் அவருக்கு இங்கேயே வீடு. மேல்மாடிக்காரர் கதை வேறு. வகுப்பு நடப்பது மேல்மாடியில். அதுவும் வாடகைக்கு. அங்கே எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று எழுத எந்தக் கணக்கெடுப்பிலும் இடமில்லை. நாளைக்குக் கட்டடம் வந்து ஆளுக்கொரு திசையில் போன பிறகு, ராத்திரி 8 மணிக்கு எந்த லிஃப்டில் ஏறி எந்தப் பையன் வருவான்? சங்கங்கள் இதற்கு மனு போடலாம், வகுப்புக்கென்று ஒரு பொது அறை கேட்கலாம். கேட்டதாக நான் எங்கும் பார்க்கவில்லை. பேனர் அளவு பற்றி மட்டும் மூன்று கூட்டம் நடந்தது.

இதை எழுத வேண்டாம் என்று நேற்றிலிருந்து போன் வருகிறது. எழுதாமல் இருக்க மாட்டேன். 17 நம்பர் ஃபார்ம் தேதி எப்போது வேண்டுமானாலும் வரும். டீச்சரிடம் இந்த வருடம் 11 பேர். மூன்று பேருக்கு எல்.சி. இல்லை, அதில் ஒருவன் படித்த பள்ளியே இப்போது இன்னொரு பள்ளியோடு சேர்ந்துவிட்டது, ரிஜிஸ்டர் எங்கே போனது என்று தேட வேண்டும். அஃபிடவிட் எடுக்கப் போகும்போது துணைக்கு வர ஆள் வேண்டும், வேலை நாளில் காலை 11 மணிக்கு. 46 பேரில் யாராவது மூன்று பேர் வாருங்கள். படம் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை.