அந்த ரெண்டு போட்டோ

ஆமாம், பார்த்துவிட்டேன். எனக்கே நாலைந்து பேர் அனுப்பினீர்கள், "உனக்குத் தெரியணுமேன்னுதான் அனுப்புறேன்" என்று. அக்கறைக்கு நன்றி. ஜிம் ட்ரெய்னரான என் ரெண்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு மீம்: 2019-ல் உடற்கட்டுப் போட்டி மேடையில் எடுத்தது இடப்பக்கம், போன வாரம் மண்டபத்தில் பட்டுப்புடவையோடு பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டு நின்றது வலப்பக்கம். கீழே "ட்ரெய்னருக்கே ட்ரெய்னர் தேவை". ஒட்டினது யார் என்றும் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அடுத்த விசேஷத்திலும் அந்த முகத்தில் முழித்தாகணும்.

கோபமெல்லாம் இல்லை. (சரி, இருக்கு.) ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் காசு வாங்குவது என் வயிற்றைக் காட்டுவதற்கு இல்லை, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வதற்கு.

எல்லோரும் ஹார்ட் விட்ட அந்த இடப்பக்கத்துக்காரியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? தண்ணீரைக் குறைத்து, உப்பைக் குறைத்து, சோற்றைக் கண்ணிலேயே காட்டாமல், உடம்பெல்லாம் நிறம் கருக்க டேன் பூசி, லைட்டுக்கு அடியில் இழுத்துப் பிடித்து நின்ற சில நிமிஷம் அது. மறுநாள் காலையில் அந்த உடம்பு எனக்கே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் படம் எடுத்தபோது எனக்குப் பீரியட்ஸ் மாசக்கணக்கில் நின்று போயிருந்தது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. அப்போது ஒருத்தராவது "உனக்கு ட்ரெய்னர் தேவையா" என்று கேட்டீர்களா? "டயட் சார்ட் அனுப்புங்கக்கா" என்றுதானே கேட்டீர்கள்?

வலப்பக்கத்துக்காரிக்கு சிசேரியன். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இப்படி ஆகும், தொப்பை என்று நினைத்து, மல்லாந்து படுத்துத் தலை-தோளைத் தூக்கும் க்ரஞ்சஸ் போட்டுத் தள்ளுவார்கள். அவள் பொறுமையாக மூச்சுப் பயிற்சியிலிருந்து ஆரம்பித்தாள். இன்றைக்கு 2019-ல் தூக்கியதைவிட அதிகமாக டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து தூக்குவது, போடுகிறாள். போட்டோவில் அது எங்கே தெரியப்போகிறது?

"தன் உடம்பையே பார்த்துக்கத் தெரியாதவ நமக்கு என்ன சொல்லித் தருவா?" என்கிறீர்கள். சச்சினுக்குச் சொல்லிக்கொடுத்த அச்ரேக்கர் முதல்தர ஆட்டம் ஆடியது ஒன்றே ஒன்று. அது கிரிக்கெட், இது வேற என்பீர்கள். வேறதான், ஒத்துக்கொள்கிறேன். ட்ரெய்னர் என்றால் தானும் பயிற்சி செய்யணும், அதில் மறுபேச்சே இல்லை. செய்கிறேன். ஆனால் சிக்ஸ் பேக்கைப் பார்த்துச் சேர்ந்தீர்களே ஒரு தம்பியிடம், உங்கள் டிஸ்க் பிரச்சனையைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரைத் தேடி வருகிறீர்கள் என்பது நம் ரெண்டு பேருக்கும் தெரியும்.

"டாக்டரே சிகரெட் பிடிச்சா?" என்று ஒருத்தர். பிள்ளை பெற்றதும் சிகரெட் பிடித்ததும் ஒன்றா சார்? விடுங்கள்.

"டிசிப்ளின் இல்ல" என்பதுதான் உறுத்துகிறது. சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டு, பாதிச் சம்பளத்துக்கு மதுரை வந்து இதில் சேர்ந்தவள் நான். 2020 மார்ச்சில் ஜிம்மைப் பூட்டியதிலிருந்து ஆகஸ்டில் திறக்கும்வரை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்து கிளாஸ் எடுத்தவள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா "பொண்ணு ஃபிட்னஸ் லைன்ல இருக்கு" என்று முழுங்கி முழுங்கிச் சொன்னதை உள்ளே நின்று கேட்டவள். இன்னும் எவ்வளவு டிசிப்ளின் வேணும் உங்களுக்கு?

இந்த வருஷம் முதியோர் பயிற்சிக்கான கோர்ஸ் படிக்கிறேன். இனி என் வேலை அந்தப் பக்கம்தான். "வெயிட் லாஸ் ஆளுங்க குறைஞ்சிருச்சு, அதான் கிழவிங்க பக்கம் ஒதுங்கிட்டா" என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். குறையவில்லை. நான்தான் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெரியம்மா வருகிறார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் நாள் டம்பெல்லைக் கையில் வாங்கி, "எங்க வீட்டு அம்மிக்குழவில பாதி கூட இல்லையே" என்றார். அவருக்கு எடை குறைய வேண்டாம். "குலதெய்வம் கோயில்ல குத்த வச்சு உக்காந்து பொங்க வைக்கணும்மா. எந்திரிக்கறதுக்கு மருமகளைக் கூப்பிடக் கூடாது." நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திரிப்பதில் ஆரம்பித்தோம். அப்புறம் நாற்காலிக்குப் பதில் முக்காலி. இப்போது ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழுசாகக் குந்தி எழுந்திரிக்கிறார். என் வயிறு எப்படி இருக்கு என்று ஒரு நாள் கூட அவர் பார்த்ததில்லை.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வலுவுக்கும் பேலன்ஸுக்கும் பயிற்சி செய்யணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. 1990-லேயே பாஸ்டனில், தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! நாம் அறுபதிலேயே "இனி உனக்கு எதுக்கும்மா" என்று சொல்லி சோபாவில் உட்காரவைத்துவிட்டு, பாத்ரூமில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். இதைப் பற்றி ஒரு மீம் போடுங்களேன், நானே ஷேர் பண்ணுகிறேன்.

"அவங்ககிட்ட என்ன ஃபீஸ் வாங்கிற முடியும்?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். குறைவாகத்தான் வாங்க முடியும். தெரிந்துதான் போகிறேன்.

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஜிம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த நேரத்தைப் பெரியவர்களுக்குத் தரச் சொல்லி ஓனரிடம் கேட்டிருக்கிறேன். கையில்லாத நாலு நாற்காலி, பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைய வேண்டும், அவ்வளவுதான் என் டிமாண்ட். யோசித்துச் சொல்கிறேன் என்றார். "தீபாவளிக்குள் பத்து கிலோ" பேனர் வேலை முதலில் முடியணுமாம்.