அந்த ‘நிச்சயம்’ கொஞ்சம் அதிகம்

“அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் இருந்தால் மகளுக்கும் நிச்சயம் வரும்” என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, நான் மூன்று பேருக்குமே பித்தப்பையை எடுத்தாயிற்று. ஆனால் அக்காவுக்கு ஐம்பது தாண்டியும் ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதே அம்மா, அதே அடுப்பங்கரைச் சாப்பாடுதான்!

சுவீடனில் 43,141 இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. தொல்லை தரும் பித்தப்பைக் கல் நோயில் மரபின் பங்கு சுமார் 25 சதவீதம் என்றது அது. மீதி உடல் எடை, பட்டினி கிடந்து மளமளவென்று இளைப்பது போன்றவை. 2007இல் கண்டுபிடித்த ஏபிசிஜி8 மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகத் தள்ளுகிறது. கல் வரும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

நீங்கள் தொடாமல் விட்டது நிறமிக் கல்; அது கொலஸ்ட்ராலால் அல்ல, உடைந்த சிவப்பணுக்களின் நிறப்பொருளால் உண்டாவது. தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ள குடும்பங்களில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் சின்னப் பிள்ளைகளுக்கே கறுப்புக் கல் வரும். அங்கே நெய்யைக் குறைத்து என்ன பயன்?

அம்மா ஆறு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற கைவைத்தியம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ‘வாயுப்பிடிப்பு’ என்று பூண்டு, பெருங்காயம். அந்தக் கதை தெரிந்ததால்தான், எனக்கு இரண்டாம் முறை வலித்ததுமே ஸ்கேன் எடுக்கப் போனேன்.