கிரீன் டீ குடித்தால் மரு போகாது

இணையத்தில் ஒருவர், "கிரீன் டீ வைரஸ் மருவைக் குணமாக்கும் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது, தினமும் மூன்று கப் குடியுங்கள்" என்கிறார். பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றும்.

2006-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதித்தது தேநீரை அல்ல, களிம்பை. தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த கேட்டச்சின் என்ற வேதிப்பொருள்களின் சாறு 15% உள்ள களிம்பு அது. எச்பிவி வைரஸால் பிறப்புறுப்பின் வெளிப்புறத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மருக்களுக்கு மட்டும், அதுவும் பெரியவர்களுக்கு. நாளுக்கு மூன்று முறை, அதிகபட்சம் 16 வாரம் தடவ வேண்டும். அந்த 'மூன்று' எங்கே கப் ஆனதோ!

பலனும் மாயாஜாலம் இல்லை. சோதனைகளில் மரு முழுதாக மறைந்தது பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு. மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத் தானாகவே மறைந்தது. மரு போனாலும் வைரஸ் உடலில் இருக்கலாம், மரு திரும்ப வரலாம்.

அப்புறம், இன்னொருவர் கிரீன் டீ மாத்திரையைப் பரிந்துரைத்திருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். செறிவூட்டிய அந்தச் சாற்றை அதிக அளவில் விழுங்கிய சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. தேநீர் பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள், மருவுக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.