எலியட்டுக்குக் கிடைத்த சுங்க வேலை

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் கரோலினா மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் போன கறுப்பினத் தலைவர் ராபர்ட் பிரவுன் எலியட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே பாஸ்டனில் பிறந்தாரா, லிவர்பூலில் பிறந்தாரா என்ற ஆராய்ச்சியில் போய் நின்றுவிடுகிறார்கள். எங்கே பிறந்தால் என்ன? அப்படிப்பட்ட மனிதர் 1879இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர் வேலைக்கு ஏன் போக வேண்டி வந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

1868இல் தென் கரோலினாவுக்குப் புது அரசியல் சாசனம் எழுதிய அவையில் அவர் இருந்தார். வரி கட்டியவனுக்கே ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கே ஓட்டு என்ற யோசனைகள் அங்கே வந்தன. இரண்டையும் எதிர்த்தார். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த மாநிலம் அது. அந்த மக்களைப் பார்த்து, படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ! அதே வருடம் வழக்கறிஞரானார், மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். அப்புறம் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்.

1874 ஜனவரி 6ஆம் தேதியை மறக்கவே கூடாது. ரயிலிலும் விடுதியிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற மசோதா மீது விவாதம். எதிர்த்துப் பேசியவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அடிமைமுறைதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861இல் பேசிய, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர். அவருக்குப் பதில் சொல்ல எழுந்தவர் எலியட். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி மசோதா செல்லாது என்றார்கள். அதே தீர்ப்பை எடுத்து வைத்து, அது இந்த மசோதாவுக்குத் தடையே இல்லை என்று வாதாடினார். மறு வருடம் மசோதா சட்டமானது.

ஊர் திரும்பிச் சட்டமன்ற சபாநாயகர் ஆனார், 1876இல் மாநில அட்டர்னி ஜெனரல். 1877இல், போருக்குப் பின் தெற்கில் இருந்த மத்தியப் படை விலகிக்கொண்டதும், வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்க நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர் வேட் ஹாம்ப்டனின் தரப்பு மாநில ஆட்சியைப் பிடித்தது. எலியட்டின் பதவி பறிபோனது, வக்கீல் தொழிலும் கைகொடுக்கவில்லை. சுங்க அலுவலகமும் தபால் ஆபீஸும் மட்டும் மத்திய அரசின் கையில் இருந்தன. மாநில அரசு கைவைக்க முடியாத சம்பளம் அங்கேதான் கிடைக்கும்.

அவருடைய குடியரசுக் கட்சி அவரைக் கைவிடவில்லையே, வேலை கொடுத்ததே என்பார்கள். என்னால் ஏற்க முடியாது. அவருடைய மக்களின் ஓட்டைக் கட்சி காப்பாற்றியிருந்தால் அவருக்கு அந்த வேலையே தேவைப்பட்டிருக்காது. 1881 ஜனவரியில் ஒரு குழுவோடு போய், அதிபராகப் பதவியேற்க இருந்த கார்ஃபீல்டிடம் தென்மாநிலக் கறுப்பினத்தவரின் உரிமை பறிபோவதை நேரிலேயே சொன்னார். அதே வருடம் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றல், அடுத்த வருடம் வேலையும் போயிற்று. 1883இல் அவர் வாதாடிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1884இல் மலேரியா. கையில் காசில்லாமல் இறந்தார்.

அவருடைய தொழில் கூட்டாளி, பார்படோஸ்காரர் அகஸ்டஸ் ஸ்ட்ரேக்கர், பிறகு டெட்ராய்ட்டுக்குப் போனார். உணவகத்தில் நிறம் பார்த்துத் தனி இடத்தில் உட்காரச் சொன்ன வழக்கை எடுத்து நடத்தி, 1890இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்.