டிரெய்லரில் ஏறிய கார் 1,228 கிலோமீட்டர் ஓடியது எப்படி?

வேலைக்காக ஊர் மாறுகிறவனுக்கு நேரம் இருக்காது. கிளம்பிப் போன பிறகு பழைய ஊருக்குத் திரும்பி வந்து நின்று சண்டை போடவும் முடியாது. காரை வேறு மாநிலத்துக்கு அனுப்பித் தருகிறோம் என்று கடை விரித்திருப்பவர்களும், அந்தக் காரின் காகிதங்களைக் கையில் வைத்திருக்கும் போக்குவரத்து அலுவலகங்களில் இருப்பவர்களும் இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நம்மை இந்தப் பாடு படுத்துகிறார்கள். சென்னையிலிருந்து புனேவுக்குக் குடிபெயர்ந்த எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை என்பதால், இந்தப் பதிவில் எதையும் மென்று விழுங்கப் போவதில்லை.

முதலில் கொட்டேஷன் என்னும் கூத்து. ஏதோ ஒரு தேடல் தளத்தில் சென்னை – புனே என்று தட்டிக் கைப்பேசி எண்ணைக் கொடுத்த மறுகணம் தொடங்கிய அழைப்புகள் இரவு பத்து மணிக்கும் ஓயவில்லை. ஒருவர் 12,000 ரூபாய் என்றார், இன்னொருவர் 26,000 என்றார். அனைவருமே தங்களுக்குச் சொந்த வண்டிகள் இருப்பதாகவும், நாளைக்கே ஏற்றிவிடுவதாகவும் சத்தியம் செய்யாத குறை. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே நிறத்தில் லோகோ அடித்துக்கொண்டு வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. உண்மையில் இவர்களில் பெரும்பாலோர் ஒரு மேசையும் இரண்டு சிம் கார்டுகளும் வைத்திருக்கும் தரகர்கள். நம்மிடம் அட்வான்ஸ் வாங்குகிறவர் வேறு, காரை எடுக்க ஆள் அனுப்புகிறவர் வேறு, டிரெய்லர் வைத்திருக்கிறவர் வேறு. நடுவில் ஏதாவது நடந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டு நழுவிவிடலாம்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் ஒருவரும் நேர்மையாகச் சொல்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து புதிய கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போவதுதான் கேரியர்கள் எனப்படும் கார் ஏற்றும் டிரெய்லர்களுக்கு முதன்மையான பிழைப்பு. நம்மைப் போன்றவர்களின் ஒற்றைக் கார் அவற்றில் மிஞ்சும் இடத்தை நிரப்பவோ, அதே திசையில் போக வேண்டிய இன்னும் சில கார்கள் சேரும்வரை நகருக்கு வெளியே ஒரு யார்டில் வெயில் காயவோ வேண்டியதுதான். லோடு சேராமல் வண்டி கிளம்பாது என்பது நியாயமான வணிகக் கணக்கு. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. அதை மறைத்து, 'நாளைக்கு லோடிங், நாலாம் நாள் டெலிவரி' என்று நாக்கூசாமல் சொல்லி முன்பணம் வாங்குவதுதான் மோசடி. லோடு சேராமல் போய்விட்டால் இவர்களில் சிலர் இன்னொரு வழியைக் கைவசம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

காரை எடுக்க வந்த பையன் மிக ஒழுங்காகவே நடந்துகொண்டான். கீறல்களைக் குறித்துக்கொண்டான், உதிரிச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தான், ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொண்டான், நானும் எடுத்துக்கொண்டேன். 41,362. பூந்தமல்லி தாண்டி இருக்கும் யார்டு வரைக்கும்தான் ஓட்டிப் போவதாகவும், அங்கே டிரெய்லரில் ஏற்றியதும் படம் அனுப்புவதாகவும் சொன்னான். அந்தப் படம் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பதிலாக, சில நாட்கள் கழித்து, நானும் குடும்பமும் புனேவில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த இரவில், ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஹிரியூர் பக்கத்துக் குயிலாலு சுங்கச்சாவடி. பிறகு ஹத்தர்கி. விடிந்து பார்த்தால் கினி, தாசவடே, ஆனேவாடி என்று 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடிகள் வரிசையாக என் பணத்தைக் கழித்திருந்தன. டிரெய்லரின் முதுகில் ஏறிப் போகிற காருக்கு யார் சுங்கம் கேட்கிறார்கள் என்று அந்த நிறுவனத்தின் 'கோஆர்டினேட்டர்' பெண்ணைக் கேட்டேன். "ஸ்கேனர் தப்பா ரீட் பண்ணியிருக்கும் சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றார். ஒரு ஸ்கேனர் தவறாகப் படிக்கலாம். பெங்களூரு தாண்டியது முதல் சாத்தாரா வரை இருக்கும் அத்தனை ஸ்கேனர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என் காரை மட்டும் தவறாகப் படிக்குமா?

கார் வந்து இறங்கியபோது, அல்லது ஓட்டி வந்து நிறுத்தப்பட்டபோது என்று சொல்வதுதான் சரி, ஓடோமீட்டரில் 42,590 இருந்தது. கூடுதல் 1,228 கிலோமீட்டர். ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கதவின் பையில் சித்ரதுர்காவில் ஒரு பங்கில் பெட்ரோல் போட்ட ரசீது கசங்கிக் கிடந்தது. ப்ளூடூத் பட்டியலில் என்னுடையது, மனைவியுடையது ஆகிய கைப்பேசிகளுக்கு மேலே, முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசி இணைந்திருந்தது. அண்ணன் வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கணக்கு மிக எளிது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தால் 77 லிட்டர் பெட்ரோல், ஓட்டுநருக்கு ஒரு தொகை, திரும்பிப் போகப் பேருந்துக் கட்டணம். சுங்கம் என் தலையில். டிரெய்லரில் இடம் பிடித்துக் கொடுப்பதைவிட அவர்களுக்கு இது மிச்சம். என்னிடம் வாங்கியதோ டிரெய்லருக்கான 18,000 ரூபாய். சாவியைத் தருவதற்கு முன் 'பார்டர் செலவு' என்று மேலும் 3,500 ரூபாய் கேட்டார்கள். ஆக்ட்ராய் என்ற நகர எல்லை வரியும் மாநில நுழைவு வரியும் 2017 ஜூலை மாதம் ஜி.எஸ்.டி. வந்தபோதே ஒழிந்துவிட்டன, எந்த எல்லையில், யாருக்கு, எதற்காகக் கொடுத்த செலவு என்று கேட்டால் பதில் இல்லை, சாவியும் இல்லை. வாசலில் சொந்தக் காரை நிறுத்திவைத்துக்கொண்டே மீட்புத்தொகை கேட்கிற துணிச்சல் இந்தத் தொழிலுக்கு மட்டும்தான் உண்டு.

பணத்தைவிட என்னை அதிகம் கொதிக்க வைப்பது வேறொன்று. அந்த நெடுஞ்சாலையில் முகம் தெரியாத அந்த ஓட்டுநர் யாரையாவது மோதியிருந்தால், வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் இழப்பீட்டு வழக்கு என் பெயரில்தான் வந்திருக்கும். நானோ கார் ஒரு டிரெய்லரின் மேல் தட்டில் பத்திரமாகப் போய்க்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

காப்பீடு என்ற பெயரில் நடக்கும் கொள்ளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காரின் மதிப்பில் 3 விழுக்காடு 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 5 லட்சம் மதிப்புள்ள காருக்கு அது 15,000 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு வாடகை. எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி, அதன் எண் என்ன, நகல் தருவீர்களா என்று கேட்டதும் குரல் மாறிவிடும். 'அது கம்பெனி இன்சூரன்ஸ் சார்' என்பார்கள். இவர்கள் வாயால் ஒருபோதும் சொல்லாத செய்தி என்னவென்றால், நாம் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டிருக்கும் வழக்கமான முழுக் காப்பீட்டுப் பாலிசியிலேயே, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி ஆகியவற்றில் ஏற்றிச் செல்லும்போது காருக்கு ஏற்படும் சேதமும் அடக்கம். பாலிசியின் முதல் பிரிவிலேயே அது அச்சாகி இருக்கிறது. அதை எடுத்துக் காட்டியபோது அந்த நிறுவனத்தார் காப்பீட்டுப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். காட்டாதவர்கள் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்!

சட்டம் இல்லாமலும் இல்லை. பிறர் சரக்கைச் சாலை வழியாக ஏற்றிச் செல்லும் தொழிலைப் பதிவு பெறாமல் நடத்தக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. சரக்கு ரசீது தர வேண்டும், இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வழக்குப் போடுகிறவர் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. எனக்கு வந்த எல்.ஆர்., அதாவது அந்தச் சரக்கு ரசீது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான ஒரு படம்; அதில் வண்டி எண் எழுத வேண்டிய கட்டம் காலி. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், புனேவில் அதையும் செய்யத்தான் போகிறேன்.

அவர்கள் ஓட்டி வந்த வினை அத்தோடு முடியவில்லை. வழியில் எங்கோ அதிவேகமாகப் போனதற்காக என் எண்ணுக்கு ஓர் இ-சலான், அதாவது அபராதச் சீட்டு, வந்து சேர்ந்தது. தொகை பெரிதில்லை. ஆனால் காரை வேறு மாநிலத்தில் பதிவு செய்யப் பழைய ஊர் அலுவலகத்திடம் வாங்க வேண்டிய தடையில்லாச் சான்றுக்கான, அதாவது என்.ஓ.சி.க்கான, விண்ணப்பம் சலான் நிலுவையில் இருந்தால் நகராது. டிரெய்லர் நிறுவனத்தின் பொய், நேராகப் போக்குவரத்து அலுவலகத்தின் கவுன்டரில் வந்து என் கழுத்தைப் பிடித்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, இந்த விஷயத்தில் எழுத்தளவில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டி நாடு முழுவதும் செல்லும் என்கிறது 46ஆம் பிரிவு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புதிய பதிவெண் கேட்க வேண்டும் என்கிறது 47. என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு 30 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் வழங்கியதாகவே கருதப்படும் என்கிறது 48. இதில் எது நடைமுறையில் இருக்கிறது? தமிழ்நாட்டு எண்ணைக் கண்டதும் சிக்னலில் ஓரம் கட்டச் சொல்லும் போக்குவரத்துக் காவலரிடம் 46ஆம் பிரிவைப் பேசிப் பாருங்கள். 'கருதப்படும்' என்.ஓ.சி.யை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு மாநில அலுவலகத்தில் நீட்டிப் பாருங்கள்; சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பலாம் என்பது உண்மை. நிரப்பிய பிறகு அதை அச்சிட்டு, ஃபாரம் 28இன் படிகளில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து ஒட்டி, வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் கடிதத்தையும் இணைத்து, பழைய ஊர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் உண்மை. கார் ஒரு மாநிலத்தில், அதன் அலுவலகம் இன்னொரு மாநிலத்தில், ஆள் மூன்றாவதாக ரயிலில்.

இவ்வளவும் எதற்காக? வரிக்காக. வாகன வரி அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், 57ஆவது இனமாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கைத் தனியாக வாங்கிக்கொள்ளும். 2020இல் 8 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு அன்றைய 10 விழுக்காட்டுக் கணக்கில் 80,000 ரூபாயை ஆயுள்கால வரியாகத் தமிழ்நாட்டில் ஒரே தவணையில் கட்டிவிட்டேன். இப்போது மகாராஷ்டிரத்தில், காரின் வயதுக்கு ஏற்பக் கழிவு போக, மறுபடி கட்ட வேண்டும். கட்டி, புதிய எண் வாங்கி, அந்தச் சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் தமிழ்நாட்டில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கவே முடியும். கொடுக்க வேண்டிய பணத்தை உடனே கொடு, வர வேண்டிய பணத்துக்குப் பிறகு வா. இரண்டு அரசுகளும் ஒரே வாகன் இணையதளத்தில் என் காரின் முழு ஜாதகத்தையும் பார்க்கின்றன. ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்த்துக்கொள்ள மட்டும் அவற்றால் முடியவில்லை. ஒரே நாடு, ஒரே வரி என்று 2017இல் முழங்கியவர்கள் என் காரை எந்த நாட்டில் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை.

நாடு முழுவதும் ஒரே எண்ணாகச் செல்லும் பி.எச். (பாரத்) பதிவெண் தொடர் இருக்கிறதே என்று அலுவலக நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நல்ல ஏற்பாடுதான். இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டு, மாநிலம் மாறினாலும் எண் மாற்றாமல் இருக்கலாம். ஆனால் அது அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை செய்பவருக்கும் மட்டும். எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு ஊர்களில்தான் அலுவலகம். சிறிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவன் மாநிலம் மாறவே மாட்டான் என்று யார் முடிவு செய்தார்களோ!

புனேவில் வரியைக் கட்டி, புதிய எண்ணும் வாங்கியாகிவிட்டது. வரியைத் திரும்பக் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் பழைய ஊர் அலுவலகத்தில் கிடக்கிறது. தொலைபேசியை எடுத்த அபூர்வமான ஒரு நாளில், நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மேசை மாறும் என்றார்கள். அதற்கு இரண்டு நாட்கள் கழித்து அறிமுகமில்லாத ஒருவர் என்னை அழைத்தார். என் காரின் பழைய எண், புதிய எண், எனக்கு வர வேண்டிய தொகை மூன்றையும் பிசகாமல் சொன்னார்; அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் நான் சென்னைக்கு வராமலே ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். இந்த விவரமெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், வேலை ஆகணுமா, வேணாமா?" என்றார்.